நொய்ஷ்வான்ஸ்டைன்தான் உறங்கும் அழகியின் கோட்டையா?

பாதி சரி. 1955இல் கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் கட்டிய உறங்கும் அழகி (Sleeping Beauty) கோட்டைக்கு முக்கிய மாதிரி, ஜெர்மனியின் பவேரியாவிலுள்ள நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை. டிஸ்னிலேண்ட் கோட்டையின் உயரம் 77 அடிதான். கீழே பெரிய கற்கள், மேலே போகப்போகச் சிறியவை என்று அமைத்ததால், அண்ணாந்து பார்ப்பவருக்கு உயரம் கூடித் தெரியும்.

1959இல் வந்த டிஸ்னியின் ‘உறங்கும் அழகி’ படத்தின் கோட்டை வேறு வழியில் வந்தது. பின்னணி ஓவியங்களுக்குப் பொறுப்பான ஐவிண்ட் ஏர்ல், பெர்ரி கோமகனுக்காக வரையப்பட்ட 15ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஜெபநூலின் நாட்காட்டிப் படங்களிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டார். அதன் செப்டம்பர் பக்கத்தைப் பாருங்கள்: திராட்சை பறிப்பவர்களுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர், நீலச் சாய்கூரை, ஊசிக் கோபுரங்களோடு சோமூர் கோட்டை. அருகிலுள்ளதும் தொலைவிலுள்ளதும் ஒரே துல்லியம். படத்திலும் அதே தட்டையான, செங்குத்தான அழகு.

குழப்பம் வரக் காரணம், நொய்ஷ்வான்ஸ்டைனே இடைக்காலக் கோட்டை போல வேடமிட்டது என்பதுதான். நாடக அரங்க ஓவியர் கிறிஸ்டியன் யாங்க் அதற்கு உருவம் வரைந்தார். 1869இல் அடிக்கல் நாட்டினார்கள். வெளியே சுண்ணாம்புக்கல், உள்ளே செங்கல். சோமூரோ அசல் இடைக்காலக் கோட்டை, லுவார் நதிக்கரையில் இன்றும் நிற்கிறது.