ஒரு சாண் இடம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தேவதூதர்களின் போரைப் பற்றிய 'தி ப்ராஃபெசி' என்ற ஆங்கிலத் திகில் படத்தின் இரண்டாம் பாகத்தைச் சென்ற வாரம் பார்த்தேன். 1998இல் வந்தது. முதல் பாகத்தைக் கல்லூரி நாட்களில் பார்த்து மிரண்டவன் நான். இந்த முறை படத்தைப் போடுவதற்கு முன்பு பார்வையாளர்கள் எழுதிய கருத்துகளை ஒரு மணி நேரம் படித்தேன். முதல் படத்தின் வெறும் நிழல் என்கிறார் ஒருவர். கபிரியேல் என்ற தேவதூதனாக நடிக்கும் கிறிஸ்டோபர் வாக்கனுக்காக மட்டும் பார்க்கலாம் என்கிறார் இன்னொருவர். பயமே வரவில்லை, தூங்கிவிட்டேன் என்று ஒருவர். இது தெய்வ நிந்தனை என்று மற்றொருவர். எனக்கும் ஏறக்குறைய அப்படித்தான் தோன்றியது. என் மனைவி கிறிஸ்தவர். கபிரியேலைக் கொலைகாரனாகக் காட்டியதும் எழுந்து போய்விட்டார்.

என் கேள்விகள்: இரண்டாம் பாகங்கள் ஏன் எப்போதும் தோற்கின்றன? தேவதூதர்களை இப்படிக் காட்ட வேதத்தில் ஆதாரம் உண்டா? மூன்றாம் பாகத்தைப் பார்க்கலாமா? என் 12 வயது மகளுக்கும் பேய்ப் படங்கள் பிடிக்கும் என்பதால் கேட்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

முதலில் திட்டிவிடுகிறேன், பிறகு பேசலாம். ஒன்றரை மணி நேரம்கூட ஓடாத படம் அது. அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் அடுத்தவர் கருத்தைப் படித்திருக்கிறீர்கள். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து கை கழுவ வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, சாம்பார் எப்படி, பாயசம் எப்படி என்று விசாரித்துவிட்டு இலை முன் உட்காரும் ஆசாமிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் ருசித்துச் சாப்பிட்டு நான் கண்டதில்லை. "எனக்கும் அப்படித்தான் தோன்றியது" என்று எழுதுகிறீர்கள். தோன்றாமல் என்ன செய்யும்? ஊரார் நாக்கைக் கடன் வாங்கிக்கொண்டல்லவா உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இரண்டாம் பாகங்கள் ஏன் தோற்கின்றன என்பது தயாரிப்பாளர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. 1995இல் முதல் படத்தை எழுதி இயக்கிய கிரெகரி வைடன் இரண்டாவதை இயக்கவில்லை. கிரெக் ஸ்பென்ஸ் இயக்கினார். முதல் படத்தில் சில நிமிடங்களே வந்து நம் தூக்கத்தைக் கெடுத்த விக்கோ மார்டென்சனின் லூசிபரும், அதாவது சாத்தானும், இதில் இல்லை. படம் அமெரிக்காவில் திரையரங்கை எட்டிப் பார்க்காமல் நேராக வீடியோ கடைக்குப் போனது. இதற்குமேல் அந்தக் கேள்வியில் எனக்கு ஆர்வமில்லை.

எனக்கு உங்கள் கடிதத்தில் தைத்தது உங்கள் மனைவி எழுந்து போனதுதான். சில வாரங்களாக ஒரு பழைய சொல் என்னோடு சுற்றிக்கொண்டிருக்கிறது: சம்மனசு. இப்போது தேவாலயங்களில் வானதூதர் என்கிறார்கள். பழைய கத்தோலிக்கக் குடும்பங்களில் அது சம்மனசு. அதற்கு எதிரி பசாசு. உங்கள் மனைவியின் பாட்டி இருந்தால் கேளுங்கள், அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

நான்காம் வகுப்பில் என் பக்கத்தில் ஓர் உபதேசியார் மகன் உட்காருவான். பெஞ்சில் எப்போதும் தனக்கு வலப்புறம் ஒரு சாண் இடம் விட்டுத்தான் உட்காருவான். ஐந்து பேர் நெருக்கியடித்துக்கொண்டு உட்காரும் பெஞ்சு அது. ஏன் என்று கேட்டால், "என் காவல் சம்மனசு உட்கார வேண்டாமா?" என்பான். எனக்கு வயிறு எரியும். எங்கள் வீட்டில் இத்தனை சாமி படங்கள் இருந்தன, எனக்கென்று தனியாக ஒருவரும் பெஞ்சு வரைக்கும் வரவில்லை. ஒரு நாள் அவன் பாட்டியிடமே போய்க் கேட்டுவிட்டேன். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "உனக்கும் உண்டு ராசா. நீதான் இடம் விட மாட்டேன் என்கிறாய்" என்றார். மறுநாளே நானும் ஒரு சாண் விட்டு உட்கார்ந்தேன். அந்த இடத்தில் கடைசி பெஞ்சுத் தடியன் ஒருவன் வந்து உட்கார்ந்துகொண்டான்.

சம்மனசு என்றால் பரிவானவர், பக்கத்தில் உட்காருகிறவர் என்ற எண்ணம் அப்படித்தான் எனக்குள் வந்தது. உங்கள் மனைவிக்கும் அப்படியே வந்திருக்கும். வேதத்தில் தேவதூதர்கள் அப்படி மட்டும் வருவதில்லை. அசீரியர் பாளையத்தில் ஒரே இரவில் 1,85,000 பேரைக் கொன்றது ஒரு தூதன்தான் என்று இராஜாக்கள் புத்தகம் சொல்கிறது. எசேக்கியேல் கண்ட கேருபீன்கள் என்னும் வானதூதர்களுக்கு நான்கு முகங்கள்: மனிதன், சிங்கம், எருது, கழுகு. வாழ்த்து அட்டையில் கொழுகொழுவென்று பறக்கும் குழந்தைக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. லூக்கா எழுதிய கபிரியேல் சகரியாவிடம் பேசும் முதல் சொல்லே "பயப்படாதே" என்பதுதான். பார்த்த மாத்திரத்தில் மனிதன் நடுங்கியிருக்கிறான் என்று அர்த்தம். உனக்குப் பிள்ளை பிறக்கும் என்று சொன்னதை அந்தக் கிழவர் கொஞ்சம் சந்தேகப்பட்டதும் என்ன நடந்தது? பிள்ளை பிறந்து பெயர் வைக்கும் வரை ஊமையாக்கிவிட்டார் கபிரியேல். ஆகவே கடுமையான கபிரியேல் வேதத்துக்குப் புறம்பானவர் இல்லை என்று உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். ஆனால் அவர் எழுந்து போனதும் சரி என்றே நினைக்கிறேன். தினம் இரவில் காவல் கேட்டு ஜெபிக்கிறவருக்கு அந்த முகத்தில் இரத்தக் கறையைப் பார்க்கப் பிடிக்காது. அதை ரசனைக் குறைவு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வேதத்துக்குப் புறம்பானது வேறொன்று. அதைக் கருத்து எழுதியவர்களில் ஒருவராவது தொட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. பயமில்லை, மதிப்பெண் குறைவு என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். படத்தின் கபிரியேலுக்கு என்ன கோபம்? சாத்தானுக்கு ஆள் சேர்க்கிறானா? இல்லை. உலகத்தை ஆள நினைக்கிறானா? அதுவும் இல்லை. கடவுள் மனிதர்களுக்கு ஆன்மாவைக் கொடுத்து, தேவதூதர்களைவிட மேலே தூக்கி வைத்துவிட்டார் என்பதுதான். நம்மை அவன் பேசும் குரங்குகள் என்கிறான். இந்தக் கோபம் வேதத்தின் கபிரியேலுக்குக் கிடையாது. அது வேறொருவனுடையது.

திருக்குர்ஆனில் ஆதமுக்குப் பணியச் சொன்னபோது இப்லீஸ், அதாவது சாத்தான், மறுக்கிறான். நான் நெருப்பால் படைக்கப்பட்டவன், இவனோ களிமண்ணால் என்கிறான். வேதாகமத்தில் சேராத 'ஆதாம் ஏவாள் வாழ்க்கை' என்ற பழைய நூலில் இந்தக் கதை இன்னும் வீட்டுச் சண்டை மாதிரி வருகிறது. ஆதாமை வணங்கும்படி தலைமைத் தூதர் மிக்கேல் எல்லாத் தூதரையும் அழைக்கிறார். சாத்தான் சொல்லும் பதிலைக் கவனியுங்கள்: நான் இவனுக்கு முன்பே படைக்கப்பட்டவன்; இவன் எனக்குப் பின்னால் வந்தவன்; இவனல்லவா என்னை வணங்க வேண்டும்? பாகப்பிரிவினைக்கு உட்கார்ந்த எந்தக் குடும்பத்திலும் இந்த வாக்கியத்தைக் கேட்கலாம். கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள சாலமோனின் ஞானமும் சாவு உலகத்தில் நுழைந்ததற்குக் காரணம் அலகையின், அதாவது பிசாசின், பொறாமை என்கிறது. ஆசை என்று சொல்லவில்லை, அகந்தை என்றும் சொல்லவில்லை. பொறாமை.

வைடன் செய்த திருட்டு இதுதான். பிசாசின் பொறாமையை எடுத்து, நற்செய்தி கொண்டுவந்த தூதனின் மடியில் வைத்துவிட்டார். அதனால்தான் முதல் படம் நம்மை உலுக்கியது. கெட்டவன் பொறாமைப்பட்டால் பரவாயில்லை. அத்தனை காலம் சொன்ன வேலையை எல்லாம் செய்து, துதி பாடி, ஒரு நாளும் முறைக்காதிருந்த மூத்த பிள்ளை ஒரு நாள் தம்பியின் தொட்டிலைப் பார்க்கிறான். அவனிடம் என்ன நியாயம் பேசுவீர்கள்?

இரண்டாம் பாகம் இந்தப் பொறாமையைக் கைவிட்டிருந்தால் நானும் நீங்கள் படித்த அந்தக் கருத்துக்காரர்களோடு சேர்ந்துகொண்டிருப்பேன். அது கைவிடவில்லை, கீழே இறக்கிக்கொண்டு வருகிறது. நரகத்திலிருந்து திரும்பி வந்த கபிரியேலுக்கு ஒரு கணினியை இயக்கத் தெரியாது, கார் ஓட்டத் தெரியாது. காதலனோடு சேர்ந்து தற்கொலை செய்துகொண்ட ஒரு பெண்ணைச் சாகவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டு அவளிடம் வேலை வாங்குகிறான். பிரிட்டனி மர்பி அந்தப் பெண். குரங்கு என்று தான் இகழும் இனத்தில் ஒருத்தியின் கையை அவன் ஒவ்வொரு முறையும் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. பார்வையாளர்கள் இதைச் சிரிப்புக் காட்சி என்று எழுதுகிறார்கள். சிரிக்கலாம், நானும் சிரித்தேன். ஆனால் வாக்கனின் முகத்தைப் பாருங்கள். வசனத்தாளில் உள்ள நிறுத்தக்குறிகளை மதிப்பதில்லை என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். யாரும் நிறுத்தாத இடத்தில் அவர் வாக்கியத்தை நிறுத்தும்போது, மனிதப் பேச்சை வெளியே இருந்து கற்றுக்கொண்ட ஒருவன் பேசுவது போலவே இருக்கிறது.

மீதிக் கதை எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. ஜெனிபர் பீல்ஸ் ஒரு செவிலி. அவள் காரில் அடிபடுகிற ஒரு தேவதூதனின் பிள்ளையை வயிற்றில் சுமக்கிறாள். அந்தப் பிள்ளையால் வானத்துப் போர் ஓயும் என்கிறார்கள். ஆதியாகமத்தில் தேவகுமாரரும் மனுஷ குமாரத்திகளும் கூடியபோது பூமியில் இராட்சதர் இருந்தார்கள், அடுத்துப் பெருவெள்ளம் வந்தது. அழிவுக்கு முன்னுரையாக இருந்த கதையைச் சமாதானத்துக்கு முன்னுரையாகத் திருப்பியிருக்கிறார்கள். நல்ல யோசனைதான், அதை வளர்க்கப் படத்துக்குப் பொறுமை இல்லை. ஏதேன் தோட்டம் துருப்பிடித்த தொழிற்சாலையாகக் கிடப்பது மட்டும் மனத்தில் நிற்கிறது.

முடிவைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதாமல் விட்டீர்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கபிரியேலுக்குத் தண்டனை கொடுக்கிறார் மிக்கேல். பழைய நூலில் ஆதாமை வணங்கச் சொன்ன அதே மிக்கேல். நரகத்துக்கு அனுப்பவில்லை. மனிதனாக்கி விட்டுவிடுகிறார்! கடைசியில் அழுக்குச் சட்டையும் கலைந்த தலையுமாகத் தெருவோரம் உட்கார்ந்திருக்கிறான் அவன். இதைவிடக் கொடிய தீர்ப்பை எந்த நீதிமன்றம் எழுதும்? அங்கே இருமல் உண்டு, பசி உண்டு, குளிர் உண்டு. அவன் அத்தனை யுகம் வெறுத்த ஆன்மாவும் உண்டு.

இதை நான் அந்த உபதேசியார் மகனோடுதான் பார்த்தேன். சென்னையில் ஒரு மேன்ஷன் அறை, வாடகைக்கு எடுத்த விசிடி, நடுவில் நான்கு முறை சிக்கி நின்ற படம். அவனுக்கு அப்போது வேலை போய் மூன்று மாதம். சாப்பாட்டுக்கு என் கையை எதிர்பார்க்க வேண்டியிருந்தது, அதை இருவரும் பேசிக்கொள்வதில்லை. கோயிலுக்குப் போவதையும் நிறுத்தியிருந்தான். படம் முழுவதும் கிண்டல் செய்துகொண்டே வந்தவன், அந்தத் தெருவோரக் காட்சியில் பேச்சை நிறுத்திவிட்டான். படம் முடிந்து திரை நீலமாகி வெகுநேரம் கழித்து, "இப்போது இவனுக்கும் ஒரு காவல் சம்மனசு வேண்டுமே. யாரை அனுப்புவார்கள்?" என்று கேட்டான். நான் விசிடியை உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். பதில் தெரியாததால் கடைக்காரன் பூட்டிவிடுவான் என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். கூட வருவான் என்று நினைத்தேன். வரவில்லை. திரும்பி வந்தபோது கட்டிலில் சுவரோரமாக ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ஆள் தடித்தவன், கட்டிலோ ஒற்றைக் கட்டில். அப்படியும் வலப்புறம் கொஞ்சம் இடம் இருந்தது.

மூன்றாம் பாகம் 2000இல் வந்தது. மனிதனாகிவிட்ட கபிரியேலாக வாக்கனே வருகிறார். அதற்குப் பின்னால் வந்த இரண்டில் அவர் இல்லை. கருத்துகளைப் படிக்காமல் பாருங்கள், பார்த்துவிட்டு எழுதுங்கள். மகளுக்கு இப்போது காட்ட வேண்டாம்; இந்தப் படங்களில் தூதர்கள் சாக வேண்டுமானால் இதயத்தைப் பிடுங்க வேண்டும், அதைக் கூச்சமில்லாமல் காட்டுகிறார்கள்.

அன்புடன்.