மீதமுள்ள கருவை நாத்தனாருக்குத் தரலாமா?

கேள்வி: ஐ.வி.எஃப். சிகிச்சையில் எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். இன்னும் மூன்று கருக்கள் உறைநிலையில் இருக்கின்றன. எங்களுக்கு அடுத்த குழந்தை வேண்டாம். எண்ணூரில் இருக்கும் நாத்தனாருக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை. “நம்ம ரத்தம்தானே, கொடுத்துடும்மா” என்கிறார் மாமியார். கொடுக்கலாமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: இந்தியாவில் முடியாது. மீதமுள்ள கருவை அதே தம்பதிக்காகத்தான் வைத்திருக்க வேண்டும், வேறு எந்தப் பெண்ணுக்கும் பயன்படுத்தக் கூடாது என்கின்றன 2022-இல் வந்த ஏ.ஆர்.டி. (செயற்கைக் கருத்தரிப்பு) விதிகள். காசு வாங்காமல் சொந்தத்துக்குக் கொடுத்தாலும் இதேதான். “வெளியே தெரியாமல் செய்து தருகிறோம்” என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கருவை விற்பவருக்கு முதல் முறை 5 முதல் 10 லட்சம் ரூபாய் அபராதம்; மறுபடி செய்தால் 3 முதல் 8 ஆண்டு சிறையும் உண்டு.

சட்டம் இடம் கொடுத்தாலும் உங்கள் விஷயத்தில் தயங்கத்தான் சொல்வோம். நாத்தனாருக்குப் பிறக்கும் பெண், உங்கள் மகனுக்கு அத்தை மகள். நம் வழக்கப்படி முறைப்பெண். உண்மையில் அவள் அவனுடைய கூடப்பிறந்த தங்கை. காதுகுத்தில் மடியில் உட்காரவைக்கும் தாய்மாமன்தான் அவளைப் பெற்ற தகப்பன். இதை மறைத்து வைத்தால், இருபது வருஷம் கழித்து “சொந்தத்திலேயே முடிச்சிடலாம்” என்று பேச்சு எடுக்கும்போது யார் வாயைத் திறப்பது? தானம் தவறென்று சொல்லவில்லை. பிரிட்டனில் இது சட்டப்படியே நடக்கிறது. அங்கே 2005 ஏப்ரலுக்குப் பிறகு தந்தவர் யார் என்பதை, பிறந்த பிள்ளை 18 வயதில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பிள்ளைக்கு உண்மை தெரிய வழியில்லாத தானம் எங்கள் பார்வையில் நியாயமில்லை.

நாத்தனார் விஷயத்தில் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: அவர் கணவருக்கு விந்தணுப் பரிசோதனை எடுத்தார்களா? பல வீடுகளில் பெண்ணுக்கு மட்டும் ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுப்பார்கள். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் இருவரும் போய்த் தொடங்கலாம். தானக் கருமுட்டையோ விந்தணுவோ தேவைப்பட்டால் பதிவுபெற்ற ஏ.ஆர்.டி. வங்கி வழியாக மட்டுமே. சிகிச்சைக்குப் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயதுக்குள் இருக்க வேண்டும்.

உங்கள் கருக்கள் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருக்கின்றன. அது ஆவியாகிக்கொண்டே இருக்கும், நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்; சேமிப்புக் கட்டணம் இதற்கும் சேர்த்துத்தான். சட்டம் தரும் காலம் அதிகபட்சம் 10 ஆண்டு. அதன்பின் அழியவிடலாம், அல்லது இருவரும் சம்மதித்தால் பதிவுபெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தரலாம். உறையவைத்த தேதியைக் கேட்டு வாங்குங்கள். உங்களில் ஒருவர் இறந்தால் கருவை என்ன செய்வது என்பதையும் சம்மதப் படிவத்தில் எழுதியிருப்பீர்கள். அந்தப் படிவத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, கணவரும் நீங்களும் பேசி முடிவெடுங்கள். மாமியாரின் கையெழுத்துக்கு அதில் இடமில்லை.