92-உம் 99-உம்

சென்ற இதழில் பிரான்ஸின் 2027 அதிபர் தேர்தலைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன: பிரெஞ்சுக்காரர்கள் மற்ற நாடுகளைப் பற்றி என்னதான் நினைக்கிறார்கள்? நான் பாரிஸுக்கு வந்து 26 ஆண்டுகள் ஆகின்றன. 2007 முதல் இங்கே வாக்களிக்கிறேன். பார்த்ததையும் படித்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அமெரிக்காவை எதிர்த்துப் பேசினால் பிரான்ஸில் ஓட்டு விழுமா?

கைதட்டல் விழும். ஓட்டு வேறு கணக்கு.

2003 பிப்ரவரி 14 அன்று நான் ஓர் உணவகத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தலைமைச் சமையல்காரர் திடீரென்று வானொலியின் சத்தத்தைக் கூட்டினார். ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் அன்றைய வெளியுறவு அமைச்சர் தொமினிக் து வில்பன் ஈராக் போருக்கு எதிராகப் பேசியதை ஒலிபரப்பினார்கள். ஒரு பழைய நாடு, ஒரு பழைய கண்டத்திலிருந்து உங்களிடம் பேசுகிறது என்று அவர் முடித்ததும் அந்த மண்டபத்தில் கைதட்டல் எழுந்தது. அங்கே அப்படிக் கைதட்டுவது அபூர்வம். எங்கள் சமையல்காரரின் கண் கலங்கியிருந்தது. எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது. மனிதர் எதற்காக அழுகிறார் என்று யோசித்தேன்.

அதே மனிதர் ஒவ்வொரு ஆண்டும் கோடையில் பிள்ளைகளை நார்மண்டிக்கு அழைத்துப்போவார். கொல்வில்-சுர்-மேர் என்ற ஊரில் கடலைப் பார்த்தபடி 9,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களின் கல்லறைகள் உள்ளன. 'இவர்கள் வராவிட்டால் நாங்கள் இல்லை' என்று பிள்ளைகளிடம் சொல்வாராம். இரண்டையும் அவர் முழுமனதோடுதான் செய்தார். அமெரிக்காவுக்கு நன்றி சொல்லவும் வேண்டும், அதன் பின்னால் நடக்கவும் கூடாது. இந்த இரட்டை மனம் அதிபர் சார்ல்ஸ் தெ கோல் காலத்திலிருந்து வருவது. 1944-இல் நேசப் படைகள் நார்மண்டியில் தரையிறங்கியதன் இருபதாம் ஆண்டு விழாவுக்கே 1964-இல் அவர் போகவில்லை. 1966-இல் நேட்டோவின் கூட்டு ராணுவத் தலைமையிலிருந்து பிரான்ஸை விலக்கினார். அடுத்த ஆண்டே நேட்டோ தலைமையகம் பாரிஸை விட்டு பிரஸ்ஸல்ஸுக்குப் போனது.

ஆனால் ஓட்டுக் கணக்கைப் பாருங்கள். ஈராக் விஷயத்தில் நாடே அன்றைய அதிபர் ஷிராக்கின் பக்கம் நின்றது. இரண்டே ஆண்டில் அவர் ஆதரித்த ஐரோப்பிய அரசியல் சாசனத்தை அதே மக்கள் தோற்கடித்தார்கள். 2007-இல் வென்ற சார்கோசி அமெரிக்காவுடன் நெருங்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னவர். 2009-இல் நேட்டோ ராணுவத் தலைமைக்குள் பிரான்ஸைத் திரும்பக் கொண்டுபோனவரும் அவர்தான்.

கேள்வி: ஐரோப்பிய ஒன்றியத்தை அவர்கள் விரும்புகிறார்களா, வெறுக்கிறார்களா?

1992 பொதுவாக்கெடுப்பில், ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்துக்கு 51 சதவீதம் ஆதரவு. 2005 மே 29 அன்று சாசனத்துக்கு ஏறத்தாழ 55 சதவீதம் எதிர்ப்பு. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் பிரான்ஸ் இன்றும் தள்ளாடுகிறது.

2005-இல் எல்லோர் வாயிலும் இருந்த பெயர் 'போலந்து ப்ளம்பர்'. முந்தைய ஆண்டுதான் போலந்து உட்பட பத்து நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்திருந்தன. சேவைத் தொழில்களை ஐரோப்பா முழுதும் திறந்துவிடும் சட்ட வரைவைக் கொண்டுவந்த போல்கஸ்டைன் ஒரு நெதர்லாந்துக்காரர். வடக்குப் பிரான்ஸில் தன் வீட்டுக்கு ப்ளம்பர் கிடைப்பதில்லை, போலந்துக்காரர் வந்தால் நல்லது என்று அவர் சொல்லிவைக்க, மின்துறைத் தொழிலாளர்கள் அந்த வீட்டின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டார்கள். போலந்தின் சுற்றுலாத் துறை சண்டைக்குப் போகவில்லை. கையில் குழாயும் கருவியுமாக அழகான இளைஞன் ஒருவனின் படத்தைப் போட்டு, 'நான் போலந்திலேயே இருக்கிறேன், நீங்கள் திரண்டு வாருங்கள்' என்று சுவரொட்டி அடித்தது. மிக அழகான பதில் என்று இன்றும் நினைக்கிறேன்.

என்னுடன் வேலை செய்தவர்களில் 'வேண்டாம்' என்று ஓட்டுப் போட்டவர்கள் பலர். அவர்களில் ஒருவர்கூட ஒரு போலந்து ப்ளம்பரை நேரில் பார்த்ததில்லை. அவர்கள் ஊரில் மூடிய தொழிற்சாலையைத்தான் பார்த்திருந்தார்கள். ஒரு பிரெஞ்சு வேட்பாளர் வெளிநாட்டைப் பற்றிப் பேசும்போது நான் அதனால்தான் முதலில் கேட்டுக்கொள்வேன்: இவர் உள்ளூரில் எந்தப் புண்ணைத் தொடுகிறார்?

கேள்வி: ஜெர்மனி மீது இன்னும் கோபம் இருக்கிறதா?

இல்லை. 1963-இல் தெ கோலும் ஜெர்மன் தலைவர் அடெனாவரும் கையெழுத்திட்ட நட்பு ஒப்பந்தமும், அதன் வழியாக ஆண்டுதோறும் எல்லை தாண்டிப் போய்வந்த பள்ளிப் பிள்ளைகளும் செய்த வேலை அது. 1984-இல் வெர்தன் போர்க்களத்தில் பிரெஞ்சு அதிபர் மித்தரானும் ஜெர்மன் தலைவர் ஹெல்முட் கோலும் கைகோத்து நின்ற படம் பலருக்கு நினைவிருக்கும். பொருளாதாரத்தில் ஜெர்மனியோடு ஒப்பிட்டு வருத்தப்படுவது உண்டு. அது அண்ணன் தம்பிக்குள் வருகிற வருத்தம் போல.

கேள்வி: அல்ஜீரியா என்றாலே ஏன் எல்லா அதிபர்களும் தடுமாறுகிறார்கள்?

எல்லாக் கடிதங்களிலும் என்னை அதிகம் யோசிக்கவைத்த கேள்வி இது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்று நாம் பார்க்கும் பிரெஞ்சு அதிபர் பதவியே அல்ஜீரியாவால் பிறந்தது. அல்ஜீரிய விடுதலைப் போரின் நடுவே, 1958 மே 13 அன்று அதன் தலைநகர் அல்ஜியர்ஸில் வெடித்த கலகத்தில்தான் நான்காம் குடியரசு என்ற அன்றைய ஆட்சியமைப்பு சரிந்தது, தெ கோல் திரும்பி வந்தார், புதிய சாசனம் வந்தது. அல்ஜீரியாவை விட்டுக்கொடுத்ததற்காக 1962 ஆகஸ்டில் பாரிஸுக்கு வெளியே பெத்தி-கிளமார் என்ற இடத்தில் அவர் காரைச் சுட்டார்கள். உயிர் தப்பினார். சில வாரங்களில், அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பொதுவாக்கெடுப்பு நடத்தி வென்றார். ஆக, இங்கே ஒவ்வொரு முறை அதிபருக்கு ஓட்டுப் போடும்போதும் அந்தப் போரின் நிழல் பெட்டியின் மேல் விழத்தான் செய்கிறது.

அல்ஜீரியாவை மற்றக் காலனி நாடுகளைப் போல் பிரான்ஸ் நடத்தவில்லை; தன் சொந்த மாவட்டங்கள் என்றே சட்டத்தில் எழுதிவைத்திருந்தது. என் மேல்வீட்டில் ஒரு முதியவர் இருந்தார். ஓரான் நகரில் பிறந்தவர், 1962-இல் கப்பலேறி வந்த லட்சக்கணக்கான ஐரோப்பிய வம்சத்தவரில் ஒருவர். ஒருநாள் மருந்துக்கடை வரிசையில் நிற்கும்போது தன் மருத்துவக் காப்பீட்டு அட்டையை என்னிடம் நீட்டினார். இங்கே அந்த எண்ணில் முதலில் ஆணா பெண்ணா, அப்புறம் பிறந்த ஆண்டு, மாதம், அதன்பின் பிறந்த மாவட்டத்தின் இரண்டு இலக்கம் வரும். அவருடையது 92. இன்று 92 என்றால் பாரிஸை ஒட்டிய ஓ-து-சென் மாவட்டம். அவர் பிறந்த காலத்தில் அது ஓரான். 'என் ஊரை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்' என்றார். அவரைப் போலப் பலருக்கு 99 என்று பதிந்துவிட்டார்களாம். 99 என்றால் வெளிநாட்டில் பிறந்தவர். அதற்காக அவர்கள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதை அவர் சொல்லச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் அல்ஜீரியக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த அம்மாவின் அண்ணன் பிரெஞ்சுப் படைக்கு எதிராகப் போராடிச் செத்தவர். இருவரும் படிக்கட்டில் பார்த்துக்கொண்டால் வணக்கம் சொல்வார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஒரு அதிபர் வாயைத் திறந்தால் இந்த இரண்டு வீட்டிலும் அது விழும்.

தேதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1962 மார்ச் 19 போர் நிறுத்தம் தொடங்கிய நாள். கட்டாயச் சேவையில் போய்வந்த சிப்பாய்களுக்கு அது வீடு திரும்பிய நாள். அல்ஜீரியாவிலிருந்து வந்த ஐரோப்பியர்களுக்கும், பிரெஞ்சுப் படையில் இருந்த ஆர்க்கி எனப்படும் அல்ஜீரியர்களுக்கும் அதன் பிறகுதான் கொலைகள் நடந்தன. அதனால் ஷிராக் 2003-இல் நினைவு நாளாக யாருக்கும் வலிக்காத டிசம்பர் 5-ஐ வைத்தார். 2012-இல் அதிபர் ஒல்லாந்த் காலத்தில் மார்ச் 19-உம் சட்டப்படி நினைவு நாளானது. ஒரு போருக்கு இரண்டு நினைவு நாள். நாடெங்கும் பல ஊர்களில் '1962 மார்ச் 19' என்று தெருக்கள் உண்டு. தெற்கே பெசியே நகரின் மேயர் 2015-இல் அந்தப் பலகையை எடுத்துவிட்டு, தெ கோலுக்கு எதிரான ராணுவக் கலகத்தில் பங்கெடுத்த ஓர் அதிகாரியின் பெயரை வைத்தார். நகராட்சிக் கொடியையும் அரைக்கம்பத்தில் இறக்கினார்கள்.

அது போர் என்றே 1999 வரை சட்டம் சொல்லவில்லை. 2017 பிப்ரவரியில், வேட்பாளராக இருந்த மக்ரோன் அல்ஜியர்ஸில் வைத்து, காலனியாட்சி மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்றார். பெரிய புயல் கிளம்பியது. ஆனாலும் வென்றார். 2018-இல், மொரிஸ் ஒதான் என்ற கணித ஆசிரியர் பிரெஞ்சு ராணுவத்தின் சித்திரவதை அமைப்பால் இறந்தார் என்று அரசின் பெயரால் ஒப்புக்கொண்டார். பிறகு 2021-இல் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை என்று அதிபர் மாளிகை சொன்னது. அவர் கேட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. மேல்வீட்டு முதியவரையும் மனதில் வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். அவருக்கும் யாரும் மன்னிப்புச் சொல்லவில்லை.

கேள்வி: ரஷ்யா?

2022 ஏப்ரல் 20 தொலைக்காட்சி விவாதத்தில், தன்னை எதிர்த்து நின்ற தீவிர வலதுசாரி வேட்பாளர் மரின் லூ பென்னிடம் மக்ரோன், 'ரஷ்யாவைப் பற்றிப் பேசும்போது நீங்கள் உங்கள் வங்கிக்காரரிடம் பேசுகிறீர்கள்' என்றார். 2014-இல் லூ பென்னின் கட்சி ஒரு ரஷ்ய வங்கியில் 90 லட்சம் யூரோ கடன் வாங்கியிருந்தது. பிரெஞ்சு வங்கிகள் கொடுக்கவில்லை, அதனால் வாங்கினோம் என்பது அவர் பதில். அந்தத் தேர்தலில் அவருக்கு 41.45 சதவீதம் விழுந்தது. ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் பெட்ரோல் விலையைப் பற்றித்தான் என்னிடம் பேசினார்கள்.

கேள்வி: இரவு எட்டு மணி வரை முடிவைச் சொல்லக் கூடாதாமே?

ஆமாம். மீறினால் 75,000 யூரோ வரை அபராதம். ஆனால் பெல்ஜியம், சுவிஸ் ஊடகங்களுக்கு அந்தச் சட்டம் கிடையாது. மாலையானால் எல்லோரும் அந்தப் பக்கங்களைத்தான் திறப்பார்கள். 2012-இல் ட்விட்டரில் சங்கேத மொழியே பிறந்தது. ஒல்லாந்த் என்ற பெயருக்கு நெதர்லாந்து என்றே பொருள். நம் பாடப்புத்தகத்து ஒல்லாந்தர் நினைவுக்கு வருகிறார்களா? அதனால் அவருக்கு டச்சுப் பாலாடைக்கட்டி, தந்தை ஹங்கேரியர் என்பதால் சார்கோசிக்கு ஹங்கேரி ஒயின். ஆம்ஸ்டர்டாமில் இத்தனை டிகிரி, புடாபெஸ்டில் இத்தனை டிகிரி என்று வானிலை போல முடிவு கசிந்தது.

கேள்வி: உங்களைப் போல் குடியுரிமை வாங்கியவர் அதிபராக முடியுமா?

சட்டம் தடுக்கவில்லை. முதலில் 500 மக்கள் பிரதிநிதிகளின் கையொப்பம் வேண்டும். அது எல்லோருக்குமே கஷ்டம். 2012-இல் பசுமைக் கட்சியின் வேட்பாளர் ஏவா ஜோலி நார்வேயில் பிறந்தவர். 2022-இல் நின்ற ஆன் இதால்கோ ஸ்பெயினில் பிறந்தவர்.

ஆனால் 2011-இல், தேசிய நாளான ஜூலை 14-இன் ராணுவ அணிவகுப்புக்குப் பதிலாக மக்கள் அணிவகுப்பு நடத்தலாம் என்று ஏவா ஜோலி சொன்னபோது, பிரதமர் பிய்யோன் அந்தக் கருத்தோடு மோதவில்லை. பிரெஞ்சு மரபிலும் வரலாற்றிலும் இவருக்குப் பழைய வேர் இல்லை என்று சொல்லிவிட்டார். அப்போதே ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக இங்கே வாழ்ந்துவந்த, நீதிபதியாக இருந்து பெரும் ஊழல்களை விசாரித்த பெண்மணி அவர். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. 2016-இல் சார்கோசி, நீங்கள் பிரெஞ்சுக்காரரான நொடியிலிருந்து உங்கள் முன்னோர் பழங்காலத்தில் இந்த மண்ணில் வாழ்ந்த கோல் இனத்தார் என்றார். என் முன்னோர் யாரென்று எனக்குத் தெரியும். அதை மறக்காமலே இந்த நாட்டை நேசிக்க முடிகிறது.

என் காப்பீட்டு எண்ணில் 99 இருக்கிறது, கடைசி வரை இருக்கும். 2022 இரண்டாம் சுற்றில் எங்கள் வட்டாரப் பள்ளிக்கூடத்தில் ஓட்டு எண்ணப் பெயர் கொடுத்தேன். இங்கே வாக்காளர்களே எண்ணுகிறார்கள். உறைகளை நூறு நூறாகக் கட்டி மேசைக்குக் கொண்டுவருவார்கள். மேசைக்கு நான்கு பேர்: ஒருவர் உறையைப் பிரிக்க, ஒருவர் பெயரை உரக்கப் படிக்க, இருவர் தாளில் கோடு போட. எனக்குப் படிக்கும் வேலை. மக்ரோன், லூ பென், மக்ரோன், வெற்றுத்தாள், லூ பென். என் உச்சரிப்பில் ஒரு முறை எதிரே இருந்த பெண்மணிக்குப் புரியவில்லை. திருப்பிப் படித்தேன், கோடு போட்டார். நூறு முடிந்ததும் இரண்டு தாளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து நால்வரும் கையெழுத்துப் போட்டோம். நான் தமிழில்தான் போட்டேன். மேசைத் தலைவர் ஒரு நொடி பார்த்துவிட்டு, அடுத்த நூறை நகர்த்தி வைத்தார்.