சித்திரை மழையும் விதைப்பந்தும்

அன்புள்ள ஐயா,
சித்திரை பிறந்ததும் விட்டுவிட்டு நல்ல மழை. பெரியபட்டினம் பக்கம் பனையும் உடைமரமும் கலந்து நிற்கும் காட்டில் நடந்தேன். பனை உச்சியை ஓயாமல் சுற்றும் கருங்குருவி எது? ஈரம் காய்வதற்குள் நூறு விதைப்பந்து வீசிவிட்டேன். சரிதானே?
– கீழக்கரை வாசகர்

அன்புள்ள தம்பி,

கோடை மழையில் உடங்காட்டுக்குள் நடக்க ஆள் இருக்கிறது என்பதே மனசுக்கு இதமாக இருக்கிறது. நீங்கள் கேட்ட கருங்குருவி பனை உழவாரன். காவோலையில் எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு வைக்கும். கம்பியில் உட்காராது.

விதைப்பந்து வீசியதில்தான் எனக்குக் கோபம். மணல் காட்டில் சித்திரை ஈரம் எத்தனை நாள் நிற்கும்? முளைத்த வேம்பும் புங்கனும் அக்னி நட்சத்திரத்தில் கருகிவிடும். நம் மாவட்டத்துக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். புரட்டாசிக் கடைசி வரை பொறுக்க முடியாதா?

இந்த மழைக்குத் தப்பாமல் முளைப்பது சீமைக்கருவேல். ஆடு காயைத் தின்னும், விதை செரிக்காமல் புழுக்கையோடு விழும். ஆட்டுக்கிடை போட்ட இடம், ஊருணிக் கரை, ஆடு படுக்கும் பனை நிழல், மூன்றையும் மழை பெய்த பத்தாம் நாள் போய்ப் பாருங்கள். வீசிய கையால் பிடுங்குங்கள்.

அவசரத்தில் உடைமரக் கன்றைப் பிடுங்கிவிடாதீர்கள். முதல் இலையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அடுத்தடுத்த இலை விடட்டும். சீமைக்கருவேலில் காம்பு நுனி பெரும்பாலும் இரண்டாகப் பிரியும், சிற்றிலை நெல் நீளம் இருக்கும். உடையில் பல கிளை, சிற்றிலை மிகப் பொடி.

மண் ஈரமாக இருக்கும்போது தரையோடு ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் ஒடியும். வித்திலைக்கு (விதையிலிருந்தே விரியும் இரட்டை இலைக்கு) மேலே ஒடிந்தால் அந்தக் கணுவிலிருந்து மறுபடி துளிர்க்கும், பிடுங்கியதாகவே கணக்கில்லை. மண் இறுகிவிட்டால் கை பயன்படாது, களைக்கொத்து வேண்டும். வளர்ந்த மரத்தைத் தரைமட்டத்தில் வெட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்களே, அது வீண் வேலை. ஒரு தூருக்குப் பத்துக் கிளை வரும். ஒரு அடி ஆழம் தோண்டி தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்தோடு எடுத்தால்தான் சாகும்.

பிடுங்கியதை ஈர மண்ணில் போடாமல் வேர் வெயிலில் காயும்படி பரப்புங்கள். கிடைக்காரரிடமும் பேசுங்கள்: காயை இடித்து, விதையும் நொறுங்கிய மாவாக ஆட்டுக்கு வைக்கட்டும். முழுக்காயாகத் தின்றால் அடுத்த மழைக்கும் அதே இடத்தில் முளைக்கும்.