கருத்தடை மாத்திரை போட்டா பரு போகுமா, வருமா?

கேள்வி: எனக்கு 24 வயசு டாக்டர். பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்னாடி தாடையோரமும் கழுத்துலயும் பெரிய பெரிய பரு வருது, தொட்டாலே வலி. ஃப்ரெண்டுக்கு கருத்தடை மாத்திரை போட்டதுல முகம் நல்லா தெளிஞ்சிடுச்சு. ஆனா எங்க அக்கா குழந்தை பொறந்தப்புறம் ஒரு மாத்திரை போட்டாங்க, இல்லாத பருவெல்லாம் வந்துச்சு. யாரை நம்புறது? ஃப்ரெண்டு போடுற அதே மாத்திரையை நானும் வாங்கி போடலாமா?

பதில்: ரெண்டு பேர் சொல்றதும் உண்மையா இருக்கலாம்மா, ஏன்னா அவங்க போட்டது ஒரே மாத்திரையா இருக்க வாய்ப்பு கம்மி. உங்க ஃப்ரெண்டோடது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின்னு ரெண்டு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரையா இருக்கும். அக்கா பால் குடுத்துட்டு இருந்திருப்பாங்க, அந்த சமயத்துல பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் இல்லாத மினி பில்தான் எழுதுவோம். அந்த மினி பில்லும், கையில வைக்கிற இம்பிளான்ட்டும், காப்பர்-டி மாதிரியே கர்ப்பப்பையில வைக்கிற ஹார்மோன் சாதனமும் சில பேருக்கு பருவை கிளப்பி விடும், எல்லாருக்கும் இல்ல.

பரு எங்க ஆரம்பிக்குதுன்னா, ஆண்ட்ரோஜன்னு ஒரு ஹார்மோன், ஆம்பளைங்க ஹார்மோன்னு சொன்னாலும் நம்ம எல்லார் உடம்புலயும் இருக்கு, அது தோலுக்கு அடியில இருக்கிற எண்ணெய் சுரப்பியை தூண்டி விடுது, எண்ணெய் ஜாஸ்தியாகி துளை அடைச்சுக்குது, அப்புறம் கிருமி சேர்ந்து வீங்குது. ரெண்டு ஹார்மோன் சேர்ந்த மாத்திரை சினைப்பையில ஆண்ட்ரோஜன் உற்பத்தியை குறைக்கும், அதோட லிவர்ல இருந்து எஸ்ஹெச்பிஜின்னு ஒரு புரதத்தை அதிகமா சுரக்க வைக்கும், அந்த புரதம் ரத்தத்துல சும்மா சுத்துற டெஸ்டோஸ்டிரோனை பிடிச்சு வச்சுக்கும். சுரப்பிக்கு போற தூண்டுதல் குறைஞ்சா எண்ணெயும் குறையும். வழக்கமா பருவுக்கு தடவுற கிரீமெல்லாம் இந்த வேலையை செய்யாது. உங்களுக்கு மாதிரி பீரியட்ஸை ஒட்டி தாடையில வர்ற பருவுக்கு இந்த மாத்திரை நல்லாவே கேக்கும்.

ஆனா பொறுமை வேணும். முதல் மாசம் ரெண்டு மாசம் பரு கொஞ்சம் கூடக்கூட செய்யலாம், அதை பார்த்து பயந்து பாதி அட்டையிலேயே நிறுத்திடுறவங்க நிறைய பேர், எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம். மூணு மாசத்துல வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும், முழு பலன் தெரிய ஆறு மாசம் ஆகும். மூணாவது மாசத்துல பார்த்தா பருவுக்கு குடுக்கிற ஆன்டிபயாட்டிக் மாத்திரைதான் முந்தி நிக்கும், ஆறாவது மாசத்துல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதனால அதுவரைக்கும் கூடவே பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் மாதிரி ஜெல்லும் தடவிக்கலாம்.

ஃப்ரெண்டோட மாத்திரையை அப்படியே வாங்கி போடாதீங்க, இதை கண்டிப்பா சொல்றேன். ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறையுற வாய்ப்பை கூட்டும். மாத்திரை போடாத 10,000 பெண்கள்ல வருஷத்துக்கு 1 முதல் 5 பேருக்கு ரத்தக்கட்டி வரும்னா, போடுறவங்கள்ல 3 முதல் 9 பேருக்கு வரும். சின்ன எண்ணிக்கைதான், கர்ப்பத்துல இதைவிட அதிகம். ஆனா கண்ணு முன்னாடி மின்னல் மாதிரி வெளிச்சம் தெரிஞ்சு அப்புறம் வர்ற மைக்ரேன் தலைவலி, ஹை பிபி, முன்னாடி ரத்தக்கட்டி வந்தது, மார்பக புற்றுநோய், 35 வயசுக்கு மேல சிகரெட் பழக்கம், இதுல எது இருந்தாலும் இந்த மாத்திரை கூடாது. வீட்ல யாருக்காவது காலில் ரத்தக்கட்டி வந்திருந்தா அதையும் மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க. மாத்திரை ஆரம்பிச்சப்புறம் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ, திடீர்னு மூச்சு வாங்கினாலோ காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க.

பீரியட்ஸ் தள்ளி தள்ளி வருது, தாடையில முடியும் வளருதுன்னா பிசிஓஎஸ்ங்கிற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கான்னு முதல்ல பார்த்துக்கணும்.

கேள்வி: பருவுக்கு டாக்ஸிசைக்ளின்னு ஒரு ஆன்டிபயாட்டிக் குடுத்திருக்காங்க, அதை போட்டா கருத்தடை மாத்திரை வேலை செய்யாதாமே?

பதில்: டாக்ஸிசைக்ளினால அப்படி ஆகாது, தைரியமா போடுங்க. ரிஃபாம்பிசின்தான் அப்படி கெடுக்கும், அது டிபிக்கு குடுக்கிற மருந்து. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுறவங்களும் கேட்டுக்கணும், அதுல சிலதும் கெடுக்கும்.

கேள்வி: பருவுக்காகத்தான் மாத்திரை போடுறேன். இப்ப குழந்தைக்கு பிளான் பண்றோம். நிறுத்தினா திரும்ப பரு வருமா?

பதில்: வரலாம். மாத்திரை சுரப்பியை அடக்கித்தான் வச்சிருந்துச்சு, நிறுத்தின சில மாசத்துல பழைய மாதிரி ஆகிடும், சில பேருக்கு மட்டும் வராமலே போயிடும். கர்ப்பத்துக்கு முயற்சி பண்ணும்போது அடாபலீன் ஜெல்லை நிறுத்திடுங்க, அசிலாயிக் ஆசிட் கிரீம் தடவலாம். பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை எப்பவாவது சாப்பிட்டிருந்தா, கடைசி மாத்திரைக்கு அப்புறம் ஒரு மாசம் முழுசா போகணும், அதுவரைக்கும் கருத்தடையை விடவே கூடாது, வயித்துல இருக்கிற குழந்தைக்கு ஐசோட்ரெட்டினோயின் ரொம்ப கெடுதல்.