இமை இல்லாததால் மட்டும் எஸ்வி ஆகிவிடாது

ஏலத்துக்கு வரும் லம்போர்கினி மியூரா என்ற பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் காரில் ஹெட்லைட்டைச் சுற்றி இமை போன்ற கம்பிகள் இல்லை, அப்படியென்றால் மியூராவின் கடைசி ரகமான அசல் எஸ்விதானே என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். இமையைக் கழற்றுவதும் பின்பக்கத்தை அகலமாக்குவதும் பட்டறை வேலைதான். எஸ்விக்கு முந்தைய ரகங்களான பி400, எஸ் வண்டிகள் சிலவற்றை அப்படி மாற்றியிருக்கிறார்கள். அசல் எஸ்வி 1971 முதல் 1973 வரை சுமார் 150தான் வந்தன.

சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். லம்போர்கினியில் பழைய வண்டிகளைக் கவனிக்கும் போலோ ஸ்டோரிகோ பிரிவு தந்த சான்றிதழ் இருந்தால் பாதி கவலை தீரும். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில் என்றால் போலி என்று நினைக்க வேண்டாம். தனித்தனி ஆயில் பிந்தைய எஸ்விகளில்தான் வந்தது. அப்புறம், சுத்தியல் விழுந்த தொகைக்கு, அதாவது ஏலம் முடிந்த விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கமிஷன் தனி.