செய்ய ஒன்றுமில்லையா?

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 79 வயது. சர்க்கரை, இதயநோய், இப்போது இரண்டு கிட்னியும் போய்விட்டது. டயாலிசிஸ் வேண்டாம் என்கிறார். "காசுக்குப் பார்த்து அப்பனைச் சாக விடுகிறாயா" என்று சித்தப்பா திட்டுகிறார். டயாலிசிஸ் இல்லையென்றால் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார் டாக்டர். நாட்டு மருந்து கொடுக்கலாமா? நான் செய்வது பாவமா?

ம., கும்பகோணம்

அன்புள்ள ம.,

சித்தப்பாவை விடுங்கள். நாட்டு மருந்து வேண்டவே வேண்டாம். சில பொடிகளில் இருக்கும் உலோகம் மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது "செய்ய ஒன்றுமில்லை" என்ற அந்த வார்த்தைதான்.

கிட்னி போன என் அத்தையையும் இதைச் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். கடைசி மாதங்களில் அவரைப் படுத்தி எடுத்தது அரிப்பு. இரவெல்லாம் மரச்சீப்பால் முதுகைச் சொறிந்துகொண்டிருப்பார். காலையில் சீப்பின் பல்லில் ரத்தம் காய்ந்திருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் ரத்தத்தில் கிரியேட்டினின் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்தார்கள். ராத்திரி தூங்கினீர்களா அம்மா என்று ஒருவரும் கேட்கவில்லை. கபாபென்டின் என்ற மாத்திரையை மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் இந்த அரிப்பு பலருக்கு அடங்கும் என்பது அத்தை போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

குமட்டல், கால் குடைச்சல், மூச்சிரைப்பு எல்லாவற்றையும் தணிக்க வழி இருக்கிறது. ஆனால் விவரம் தெரிந்தவர் பார்க்க வேண்டும். வலிக்கு மார்பின் கொடுத்தால், அதன் கழிவு வெளியேற வழியில்லாமல் உடம்பில் தேங்கி ஆளை மயக்கத்தில் தள்ளும். ஃபென்டனில் என்ற வலி மருந்து அப்படித் தேங்காது. கடையில் கேட்டு புரூஃபென் போன்ற வலி மாத்திரையை வாங்கிக் கொடுத்துவிடவே கொடுத்துவிடாதீர்கள். இப்படி நோயாளியின் அவதியைத் தணித்துப் பார்த்துக்கொள்வதற்குப் பெயர்தான் பாலியேட்டிவ் கேர். கேரளம் 2008-லேயே இதை அரசின் கொள்கையாக்கிவிட்டது. இங்கும் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். இல்லை என்றால் திரும்பவும் போய்க் கேளுங்கள்.

சரி, பாவமா என்று கேட்டீர்கள். இந்த வயதில், இதயமும் பழுதானவருக்கு, டயாலிசிஸ் கூட்டித் தரும் ஆயுள் பெரும்பாலும் கொஞ்சம்தான். அதிலும் வாரம் மூன்று நாள் நாலு மணி நேரம் ஊசியோடு போய்விடும். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஆனால் உங்கள் மேல் எனக்குக் கோபம். சித்தப்பா சொன்னதை எழுதினீர்கள், டாக்டர் சொன்னதை எழுதினீர்கள். அப்பா ஏன் வேண்டாம் என்கிறார்? அதை ஒரு வரி எழுதவில்லையே! கேட்டீர்களா? செலவுக்குப் பயந்து சொல்கிறார் என்றால், அரசு மருத்துவமனைகளில் டயாலிசிஸ் இலவசம் என்று சொல்லிவிட்டு மறுபடி கேளுங்கள். அதற்கு அப்புறமும் வேண்டாம் என்றால், சித்தப்பாவிடம் அதை அப்பாவே சொல்லட்டும்.